ஒன்பது பேரிடம் கேட்கப்பட்ட கேள்வி

புதிதாக ஒரு கல்விக்கூடத்துக்குள் நுழைகிறவர்களுக்கு அதன் நடைமுறைகளைச் சொல்லித்தரும் அறிமுக நாட்களை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். எந்த வகுப்பு எந்த அறையில், நூலகம் எத்தனை மணி வரை என்பவைதானே அங்கு பேசப்படுகின்றன என்று தோன்றும். ஆனால் அவ்விடம் யாருக்கு உரியது என்பதும் அந்நாட்களிலேயே, சொல்லியோ சொல்லாமலோ, உணர்த்தப்பட்டுவிடுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்ட் சட்டப்பள்ளியில் 1956ல் நடந்த ஒரு விருந்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

1817ல் தோன்றிய அப்பள்ளி, பெண்களை மாணவிகளாக ஏற்றுக்கொண்டது 1950ல்தான். அங்கே சட்டக் கல்வி என்பது கேள்விகளால் ஆனது. 1870ல் டீனாகப் பொறுப்பேற்ற லாங்டெல் வகுத்த முறைப்படி, மாணவர்கள் பழைய தீர்ப்புகளைப் படித்துவர வேண்டும். ஆசிரியர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு அவற்றின் உட்பொருளை வெளிக்கொணர்வார். எல்லோரையும் நோக்கி எழுப்பப்படும் அக்கேள்விகளுக்கு வெளியே, பெண்களுக்கென்று தனியாக ஒரு கேள்வி இருந்தது.

1956ல் சேர்ந்த 500க்கும் மேற்பட்ட மாணவர்களில் பெண்கள் ஒன்பது பேர். டீன் எர்வின் கிரிஸ்வோல்ட் அவர்களைத் தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். உணவுக்குப்பின் ஒவ்வொருவராக எழுந்து, ஓர் ஆணுக்குச் சேர வேண்டிய இடத்தில் தாங்கள் ஏன் வந்து அமர்ந்திருக்கிறோம் என்று விளக்கச் சொன்னார். அவர்களில் ஒருவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். வீட்டில் பதினான்கு மாதக் குழந்தை. கணவர் மார்ட்டின் அதே பள்ளியில் இரண்டாமாண்டு மாணவர். ரூத் எழுந்தபோது மடியிலிருந்த சாம்பல் கிண்ணம் சரிந்து, சிகரெட் துண்டுகள் தரையில் சிதறின. கணவரின் வேலையை மனைவி புரிந்துகொள்வது முக்கியம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். அது தம் உண்மையான பதில் அல்ல என்பதை அவர் அறிந்தேயிருந்தார்.

கிரிஸ்வோல்டைக் கொடியவராகச் சித்திரித்து இக்கதையை முடித்துவிடுவது எளிது. ஆனால் பெண்களுக்குப் பள்ளியின் கதவு திறந்தது அவர் டீனாக இருந்த காலத்தில்தான். கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்திலிருந்த ஐம்பதுகளில், தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல மறுக்கும் உரிமையை ஆதரித்து எழுதியவரும் அவரே. பெண்களைச் சேர்த்ததை ஐயுற்றவர்களுக்குச் சொல்லப் பதில் தேடித்தான் அவர் அப்படிக் கேட்டார் என்று பிற்காலத்தில் விளக்கம் கூறப்பட்டது. அதை நாம் நம்பலாம். ஆயினும் தன் இருப்புக்கே நியாயம் சொல்ல நேர்ந்த இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் கூச்சத்தை அந்த விளக்கம் துடைத்துவிடுவதில்லை.

வரலாறு இவ்விருவரையும் மீண்டும் எதிரெதிரே நிறுத்தியது. முதிய தாயைப் பராமரித்துவந்த சார்லஸ் மோரிட்ஸ் என்பவருக்கு, அவர் மணமாகாத ஆண் என்பதால் வரிச்சலுகை மறுக்கப்பட்டிருந்தது. கின்ஸ்பர்க் தம்பதியர் அவருக்காக வாதாடி 1972ல் மேல்முறையீட்டில் வென்றனர். அப்போது அரசின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர் கிரிஸ்வோல்ட். இத்தீர்ப்பு நிலைத்தால் எத்தனையோ சட்டங்கள் ஆட்டம் காணும் என்று உச்ச நீதிமன்றத்தை எச்சரித்த அவர், ஆண் பெண் வேறுபாடு காட்டும் கூட்டரசுச் சட்டங்களின் பட்டியலொன்றைப் பாதுகாப்புத் துறையின் கணினியால் தயாரித்து மனுவோடு இணைத்தார். உச்ச நீதிமன்றம் 1973ல் அம்மனுவை ஏற்கவில்லை. எதிர்க்க வேண்டியவை எவை என்று தேடியலையும் உழைப்பு ரூத்துக்கு மிச்சமாயிற்று. அந்தப் பட்டியலே அவருக்கு வழிகாட்டி ஆனது. எழுபதுகள் முழுவதும் அத்தகைய சட்டங்களை ஒவ்வொன்றாக எதிர்த்து அவர் வழக்காடினார்.

1993ல் ரூத் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். மறு ஆண்டு மறைந்த கிரிஸ்வோல்ட் அதையும் பார்த்துவிட்டே போனார். அன்றைய விருந்தில் சொல்ல முடியாத பதிலுக்கு முப்பத்தேழு ஆண்டுகள் தேவைப்பட்டன என்று நாம் எண்ணிக்கொள்ளலாம். அதே ஆண்டில் சேர்ந்த மற்ற மாணவர்களிடம், நீங்கள் ஏன் இங்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.