சிற்றுருவில் செங்கற்சுவர்

வரலாறு ஏட்டில் மட்டும் உறைவதன்று, சுவரிலும் உறைகின்றது. கம்போங் ராஜாவின் தேயிலைச் சரிவுகளிடையே பயிலும் மாணவர்க்குக் கோலாலம்பூர் தொலைவானது. ஆயினும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் சிற்றுருவை அவர்தம் கைகளே வகுப்பறையில் எழுப்பலாம்.

மரமும் அத்தாப்புமாய் இருந்த கோலாலம்பூரை 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அழித்தன. மறு ஆண்டு ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டு நகரை எழுப்பப் பணித்தார். சூளைகள் பெருகிய இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். 1894 முதல் 1897 வரை எழுந்த இக்கட்டடம் ஏறத்தாழ 40 இலட்சம் செங்கற்களைக் கொண்டது.

1:50 அளவில், 41 மீட்டர் மணிக்கூண்டு 82 செ.மீ. ஆகும். 22.5 செ.மீ. நீளமுள்ள செங்கல் 4.5 மி.மீ. ஆகச் சுருங்கும். பலகைமேல் பாரிஸ் சாந்தை மெல்லெனப் பூசி, முற்றும் இறுகுமுன் ஊசியால் வரிகளைக் கீறுக. ஒரே சிவப்பைத் தீட்டற்க. சூளையில் வெந்த கற்கள் பல நிறத்தன. மேல்வரிசையின் இணைப்பு கீழ்வரிசையின் இணைப்பின்மேல் விழலாகாது. வளைவுகளிலோ கற்கள் விசிறிபோல் நிற்றல் வேண்டும். அங்கும் கிடைக்கோடே இழுத்தால், எடையைத் தாங்கும் நுட்பம் மறைந்துபோகும்.

செங்கல் அச்சிட்ட தாளை ஒட்டினால் விரைவில் முடியாதா எனலாம். முடியும், ஆனால் பாடம் நிகழாது. நார்மன், பிட்வெல் என வரைந்தோர் பெயரை ஏடுகள் கூறும். அடுக்கியோர் உழைப்பையோ, வரிவரியாய்க் கீறும் விரலே உணரும். தோட்ட உழைப்பாளர் வழிவந்த நம் மாணவர்க்கு அவ்வுணர்வே வரலாற்றின் முதற்பாடம்.