கணக்கு விதியும் காற்றாலையும்: தமிழகத்தின் தூய மின் இலக்கு, ஒரு வரலாற்று நோக்கு

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது. மேட்டூர் 1937-இல், பாபநாசம் 1944-இல். அந்த வழியில் வளர்ந்த தமிழகத்தின் நீர்மின் திறன் இன்று சுமார் 2,300 மெகாவாட். கரியும் புகையும் அற்ற மின்சாரம்தான். ஆனாலும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கொள்முதல் இலக்கு நடைமுறைக்கு வந்தபோது, இதில் பெரும்பகுதி கணக்கில் சேரவில்லை. 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையம் ‘புதுப்பிக்கத்தக்கது’ ஆகாது என்பது அன்றைய வகைப்பாடு. 2019 மார்ச்சில் ஒன்றிய அரசு அந்த வரம்பை எடுத்தது. அப்போதும், தனியே விதிக்கப்பட்ட நீர்மின் கொள்முதல் கடப்பாட்டுக்கு 2019 மார்ச் 8-க்குப் பின் இயங்கத் தொடங்கிய நிலையங்களே தகுதி பெற்றன. 1932-இன் பைக்காரா மீண்டும் வெளியே நின்றது.

தூய மின் இலக்கை எட்ட எந்த மூலத்தைத் தேர்வது என்பதை இயற்கை வளமும் பொறியியலும் தீர்மானிப்பதாகவே பொதுவாகப் பேசுகிறோம். தமிழக வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. வளம் வாய்ப்பைத் தந்தது. தேர்வைச் செய்தவை பெரும்பாலும் கணக்கு விதிகள்.

காற்றையே எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி இடைவெளிகள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து பாய்கிறது. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலைப் பண்ணை அமைந்தது. பிறகு கயத்தாறு, முப்பந்தல். ஆயினும் 1990-களில் முப்பந்தலை இறக்கைக் காடாக்கிய வேகத்துக்குக் காற்று மட்டும் காரணமன்று. காற்றாலைக்குச் செலவிட்ட தொகை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரி விதி இடம் தந்தது. லாபம் ஈட்டிய ஆலை முதலாளிக்கு அது வரியை மிச்சம் பிடிக்கும் வழி. ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக இயங்கிய எந்திரத்துக்குப் பாதித் தேய்மானமே கிடைக்கும் என்பதால், செப்டம்பர் இறுதிக்குள் எந்திரத்தை ஓட்டிக்காட்டுவதில் அவசரம் இருந்தது. செப்டம்பர் இறுதியில் காற்றுக்காலமோ முடிந்துகொண்டிருக்கும்! இந்தச் சலுகை காற்றாலையை நிறுவச் சொன்னது. எவ்வளவு உற்பத்தி செய்தாய் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்ட விதி, யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை வடிவில், 2009 டிசம்பரில்தான் வந்தது.

இரண்டாவது விதி இன்னும் ஆழமாக வேலை செய்தது. காற்று மே முதல் செப்டம்பர் வரை அடிக்கிறது. நூற்பாலை பன்னிரண்டு மாதமும் ஓட வேண்டும். இந்த இடைவெளியை அடைத்தது மின்வாரியத்தின் ‘பேங்கிங்’ ஏற்பாடு. காற்றுக்காலத்தில் உபரியாக வந்த யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, மார்ச் இறுதிவரை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 2006-இன் ஆணைப்படி இதற்குக் கட்டணம் 5 சதவீதம். உண்மையில் வாரியம் எந்த மின்சாரத்தையும் சேமித்து வைக்கவில்லை. ஆடியில் தேவைக்கு மேல் வந்ததை வாங்கிக்கொண்டு, காற்றில்லாத தை மாதத்தில் அனல்மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. கோவை, திருப்பூர், இராஜபாளையம் ஆலைகள் காற்றைத் தேர்ந்ததில் இந்த வசதிக்குப் பெரும் பங்குண்டு என்பது என் கணிப்பு. 2018 ஏப்ரலுக்குப் பின் வந்த புதிய காற்றாலைகளுக்கு இந்த ஆண்டுக் கணக்கு கிடைக்கவில்லை.

இலக்கு என்ற ஒன்று முப்பந்தல் வளர்ந்த பிறகே வந்தது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், பிரிவு 86(1)(உ)-வின் கீழ், விநியோகப் பகுதியின் மின் நுகர்வில் ஒரு விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெற வகைசெய்யும் பொறுப்பை மாநில ஆணையங்களிடம் தந்தது. 2011-12-க்குத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்த அளவு 9 சதவீதம். அதில் சூரிய மின்சாரத்துக்கு 0.05 சதவீதம். அந்நேரம் மாநிலத்தில் ஏறத்தாழ 7,000 மெகாவாட் காற்றாலைகள் நின்றன. ஏற்கெனவே விளைந்த பயிருக்கு வரப்பு கட்டியது போன்ற இலக்கு அது.

சூரிய மின்சாரத்தைக் கொண்டுவந்தது 2012-இன் மின்வெட்டு. அவ்வாண்டு வெளியான சூரிய சக்திக் கொள்கை 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றது. உயர் அழுத்த நுகர்வோர் 3 சதவீதமும், 2014 முதல் 6 சதவீதமும் சூரிய மின்சாரம் வாங்க வேண்டும் என்றது. இந்தக் கட்டாயத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014 ஜனவரியில் ரத்து செய்தது. பிறகு விலை வழிகாட்டியது. 2014-இல் ஆணையம் நிர்ணயித்த யூனிட் விலை 7.01 ரூபாய், கமுதியின் 648 மெகாவாட் நிலையம் அந்த விலையில் எழுந்து 2016-இல் இயங்கத் தொடங்கியது. 2017-இல் மாநிலத்தின் 1,500 மெகாவாட் ஏலத்தில் விலை 3.47 ரூபாயாக இறங்கியது. அவ்வாண்டு பிப்ரவரியில் நாட்டின் முதல் காற்றாலை ஏலமும் 3.46-இல் நின்றதால், காற்றா வெயிலா என்பதை விலையை வைத்து மட்டும் சொல்ல முடியாமல் போயிற்று.

அதன்பின் வேலியை மீண்டும் நகர்த்தியது ஒன்றிய அரசு. 2023 அக்டோபர் அறிவிக்கை 2029-30-க்கு 43.33 சதவீதம் என்று நிர்ணயித்து, அதைக் காற்று, நீர், பரவலாக்கப்பட்ட உற்பத்தி, பிற எனப் பிரித்தது. காற்றுக்கான பங்கில் 2024 மார்ச் 31-க்குப் பின் இயங்கும் ஆலைகளே சேரும். பழைய காற்றாலைகளின் மின்சாரம் ‘பிற’ பங்குக்குப் போகும். அதாவது 10,000 மெகாவாட்டைத் தாண்டிய தமிழகம், காற்றுப் பங்கில் ஏறக்குறைய முதலிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். நல்ல காற்றுள்ள முப்பந்தல் நிலங்களில் இன்னும் 250 கிலோவாட்டும் அதற்குக் குறைவுமான பழைய எந்திரங்கள் நிற்க, அவற்றை மாற்றிப் பெரியவை வைப்பதற்கான மாநிலக் கொள்கை 2024-இல் வந்ததை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும்.

அதே 2024-இல் வந்த நீரேற்று மின்நிலையக் கொள்கைக்கு முன்னோடி ஆனைமலையில் இருக்கிறது. 1980-களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய 400 மெகாவாட் காடம்பாறை நிலையம், இரவில் மிஞ்சும் அனல்மின்சாரத்தைக் கொண்டு மேல் ஆழியாற்று நீரை மேலேற்றி, மாலை உச்சநேரத்தில் இறக்குவதற்காகக் கட்டப்பட்டது. சூரிய மின்சாரம் பெருகிய இன்று, மின்சாரம் மிஞ்சுவது நண்பகலில். 2022 ஜூலையில் ஒன்றிய அரசு விதித்த சேமிப்புக் கடப்பாடு ஒரு நிபந்தனை வைத்தது: சேமித்த ஆற்றலில் ஆண்டுக்கு 85 சதவீதமேனும் புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும். காடம்பாறை போன்ற நிலையம் தண்ணீரேற்றப் பொது மின்தொகுப்பிலிருந்து மின்சாரம் எடுத்தால், மேலேறிய நீரில் வெயிலின் பங்கு எவ்வளவு, நிலக்கரியின் பங்கு எவ்வளவு என்று இனி மீட்டருக்கு மீட்டர் பிரித்து எழுத வேண்டும்.