மலைக்கு ஏது புயல் கூண்டு?

1/
வெளியே மழை விடாம கொட்டுது. காத்து மரத்தைப் போட்டு உலுக்குது. மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சு. உங்களுக்கு மட்டும் டியூட்டி.

போறதா? வேண்டாமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் 160 வருஷ வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாசிங்க.

2/
மன்னவனூர். கொடைக்கானலில் இருந்து சுமார் 35 கிமீ. பூம்பாறை தாண்டிப் போகணும். உள்ளூர்க்காரர்கள் இந்தப் பக்கத்தை மேல்மலை என்பார்கள். பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ் விளையும் பூமி. மத்திய அரசின் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் 1965லிருந்து இங்கே இருக்கு.

ஆசிரியர், நர்ஸ், மின்வாரிய ஊழியர், பஸ் டிரைவர், காய்கறி வண்டிக்காரர்னு தினமும் போய் வர்றவங்க நிறையப் பேர். எல்லோருக்கும் அந்த ஒரே மலைப்பாதைதான். ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் பள்ளம், வழி நெடுக மரம்.

3/
புயல்னா கடற்கரைக்காரங்க சமாச்சாரம்னு மலையில் ஒரு நினைப்பு உண்டு. 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அந்த நினைப்பு உடைஞ்சது.

அன்று அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரை கடந்தது. அதோடு அது முடியவில்லை. மேற்கு நோக்கி நகர்ந்து, உள் மாவட்டங்களைக் கடந்து, அரபிக்கடல் வரை போனது.

4/
கஜா கரை கடந்த இடத்தில் இருந்து 200 கிமீக்கு மேல் தள்ளி இருக்கும் கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்தன, மண் சரிந்தது, ரோடு அடைபட்டது. மின்சாரம் வர நாட்கள் ஆனது.

டிவியில் "புயல் கரையைக் கடந்தது" என்று செய்தி ஓடும்போது, மேல்மலைக்காரருக்கு அது ஆரம்பம் மட்டுமே. அந்த நேரத்தில் வண்டியை எடுக்கலாமா வேண்டாமா என்று அவருக்குச் சொல்ல யார் இருந்தார்கள்?

5/
கடலோரத்தில் சொல்வதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. அது எப்படி வந்தது?

1859 அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் வேல்ஸ் கரையில் புயலில் சிக்கி உடைந்தது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்ற கடற்படை அதிகாரிக்கு அது உறுத்தியது. டார்வினை ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றிய பீகிள் கப்பலின் கேப்டன் இவர்தான்.

6/
1861ல் ஃபிட்ஸ்ராய் ஒரு காரியம் செய்தார். பல ஊர்களின் வானிலைத் தகவலைத் தந்தி வழியாக வாங்கி, புயல் வருமென்று தோன்றினால் துறைமுகக் கம்பத்தில் கூம்பு வடிவ அடையாளத்தை ஏற்றச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் தூரத்தில் இருந்தே பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

நல்ல விஷயம்தானே? எல்லோரும் பாராட்டியிருக்கணுமே?

7/
இல்லை. கூம்பு ஏறினால் படகு கிளம்பாது. கிளம்பாத படகுக்கு வருமானம் இல்லை. படகு முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை.

ஃபிட்ஸ்ராய் 1865ல் இறந்தார். இந்தக் கணிப்புக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று ஒரு குழு சொல்ல, 1866 கடைசியில் எச்சரிக்கையையே நிறுத்திவிட்டார்கள். கடலில் போகிறவர்கள் விடாமல் கேட்டதால் 1867ல் திரும்ப வந்தது.

கவனிங்க. எதிர்த்தது கரையில் இருந்தவர்கள். திரும்பக் கேட்டது கடலுக்குப் போகிறவர்கள்.

8/
நம்ம பக்கம் வருவோம். 1864ல் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. அடுத்த வருஷமே கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தொடங்கியது. 1875ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது.

"பாம்பனில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று நாம் நியூஸில் கேட்டு வளர்ந்தோமே, 1 முதல் 11 வரை எண் கொண்ட அந்தக் கூண்டு ஃபிட்ஸ்ராய் கூம்பின் வாரிசுதான்.

9/
ஆனால் கூண்டு மட்டும் போதாது. 1964 டிசம்பர் 22 இரவு அதைக் காட்டியது.

பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்கு 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் இரவு 11.55க்குக் கிளம்பியது. 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். வெளியே புயல்.

10/
தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் ரயில் நின்றது. சிக்னல் விழவில்லை. இருட்டு. கொஞ்ச நேரம் காத்திருந்து, நீளமாக விசில் கொடுத்துவிட்டு ரயில் மெல்ல நகர்ந்தது என்பதே இன்றுவரை சொல்லப்படும் விவரம். பேரலை வந்து ரயிலையே மூடியது. உள்ளே இருந்தவர்களில் யாரும் பிழைக்கவில்லை.

டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் கணக்கு 115ஐத் தாண்டும் என்பார்கள்.

11/
அந்த ஓட்டுநரைக் குறை சொல்வது சுலபம். அவர் இடத்தில் இருந்து பாருங்க. நடு இரவு, பின்னால் நூறு பேர், இரண்டு பக்கமும் கடல், தகவல் சொல்ல ஒருத்தர் இல்லை. நின்றாலும் ஆபத்து, போனாலும் ஆபத்து.

அந்த முடிவு அவர் கைக்கு வந்திருக்கவே கூடாது. பாம்பனிலேயே யாராவது எடுத்திருக்க வேண்டிய முடிவு அது.

12/
பழைய பாம்பன் பாலத்தில் பின்னாளில் என்ன ஏற்பாடு இருந்தது தெரியுமா? காற்றின் வேகத்தை அளக்கும் கருவி. மணிக்கு 58 கிமீ தாண்டினால் சிக்னல் சிவப்பு. ரயில் பாலத்தில் ஏறாது.

ஓட்டுநர் தைரியசாலியா, பயந்தவரா, லேட் ஆனால் மேலதிகாரி திட்டுவாரா என்ற பேச்சுக்கே இடமில்லை. எப்போ நிற்கணும் என்பதை வெயில் அடிக்கும்போதே உட்கார்ந்து முடிவு செய்து எழுதி வைத்துவிட்டார்கள்.

13/
இப்போ 2023 டிசம்பர் 17, ஞாயிறு இரவு. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் வரலாறு காணாத மழை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ.

திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பேர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலை நிறுத்தினார் ஸ்டேஷன் மாஸ்டர் ஜாபர் அலி.

14/
அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.

பயணிகளுக்கு இரண்டு நாள் பெரும்பாடு. சாப்பாடு இல்லை, சுற்றிலும் தண்ணீர். கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளியில் தங்க வைத்தார்கள். ஹெலிகாப்டரில் உணவு வந்தது. ஆனால் எல்லோரும் உயிரோடு வீடு போனார்கள்.

15/
1964க்கும் 2023க்கும் நடுவே மழை நல்லதாக மாறிவிடவில்லை. மாறியது மூன்று விஷயம்.

தகவல் நேரத்துக்கு வந்தது.
"நிறுத்து" என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் இருந்தது.
நிறுத்தியதற்காக யாரும் அவர் சம்பளத்தைப் பிடிக்கவில்லை.

மூன்றாவதை மறந்துடாதீங்க. முக்கால்வாசிப் பேர் ஆபத்தில் கிளம்புவது அது இல்லாததால்தான்.

16/
திரும்பவும் மன்னவனூர் ரோட்டுக்கு வாங்க. இங்கே கூண்டு கிடையாது. 58 கிமீ சிக்னலும் கிடையாது. வானிலை எச்சரிக்கையின் நிறம் மாவட்டத்துக்கு ஒன்று. திண்டுக்கல் சமவெளியும் கொடைக்கானல் மலையும் ஒரே மாவட்டம். கீழே தூறல் போடும் நேரத்தில் மேல்மலையில் மரம் விழுந்துகொண்டிருக்கலாம்.

கலெக்டர் விடும் லீவு பெரும்பாலும் பள்ளி, கல்லூரிக்கு. தோட்டத்தில் கேரட் பிடுங்கும் அக்காவுக்கு யார் லீவு விடுவது? அவர் போகலேன்னா அன்றைய கூலி போச்சு. அப்போ அதை அவருடைய "முடிவு" என்று எப்படிச் சொல்ல முடியும்?

17/
சட்டம் பக்கம் இரண்டு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

ஒன்று: உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பி விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை (1981).

இரண்டு: 2010ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் வந்த திருத்தம். வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், பணியால் ஏற்பட்ட காயமாகவே கணக்கு. இ.எஸ்.ஐ. இருக்கிற பல பேருக்கே இது தெரியாது.

18/
"டாக்டர், நீங்க லீவு போட்டா பேஷண்ட் கதி?" நியாயமான கேள்வி. மருத்துவமனை, மின்சாரம், குடிநீர், தீயணைப்பு இதெல்லாம் மழைக்கு மூட முடியாது.

இதற்கு விடை பயணத்தை முந்தைய நாளுக்கு மாற்றுவது. டியூட்டிக்காரர் முதல் நாளே மேலே போய்த் தங்கணும். தங்க இடமும் சாப்பாடும் நிர்வாகம் தரணும். பிரசவ தேதி நெருங்கிய தாய்மார்களைப் புயலுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் இதே யோசனைதான். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் "பிரசவ காத்திருப்பு அறை" என்று வைத்திருப்பதும் இதற்காகவே. நடு ராத்திரி கொண்டை ஊசி வளைவில் 108 வண்டி மரத்துக்காகக் காத்து நிற்கக் கூடாது.

19/
ரோட்டில் இறங்கித்தான் ஆகணும் என்கிறவர்களுக்கு:

🔴 ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தால் ஆளைச் சாய்க்கும். 30 செ.மீ. சின்ன காரை மிதக்க விடும். 60 செ.மீ. பெரிய வண்டிகளையும் இழுத்துப் போகும்.
🔴 ஓடைத் தண்ணீர் திடீரெனச் செம்மண் நிறமானாலோ, சட்டெனக் குறைந்தாலோ, சரிவில் மரம் சாய்ந்து தெரிந்தாலோ திரும்பிடுங்க.
🔴 மழை நின்ற பிறகும் மண் சரியும். ஊறிய மலைக்கு வெயில் வந்தது உடனே தெரியாது.
🔴 மரத்தடியில் வண்டியை நிறுத்தாதீங்க.

20/
முதலாளிகளுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மழை வந்த பிறகு போனில் "பார்த்து வாங்க" என்று சொல்லாதீங்க. அது முடிவைக் கீழே இருப்பவர் தலையில் கட்டுவது. வர வேண்டுமா வேண்டாமா, எந்த அலர்ட்டுக்கு என்ன, வராத நாளுக்குச் சம்பளம் என்ன என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்க.

ஊழியர்களே, உங்க ஆபீஸில் அந்தத் தாள் இருக்கா? இல்லேன்னா அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி கேட்டு வாங்குங்க.

மேல்மலைக்குப் போய் வருகிற நண்பர்களுக்கு இந்த இழையை அனுப்புங்க. பத்திரமா இருங்க. 🙏