ஆலயச் சுவர்கள் கற்பிக்கும் இறையியல்

ஒரு திருச்சபை எதை விசுவாசிக்கிறது என்பதை அதன் விசுவாச அறிக்கைகளிலிருந்து மட்டுமன்றி, அது எழுப்பிய ஆலயத்தின் அமைப்பிலிருந்தும் நாம் அறிந்துகொள்ளலாம். இடைக்கால இங்கிலாந்தின் கிராம ஆலயங்கள் இதற்குத் தக்க சான்றாகும். மேற்கே மக்கள் கூடும் நடுக்கூடம். கிழக்கே குருவானவர் பணிபுரியும் திருப்பீடப் பகுதி. இவ்விரண்டிற்கும் இடையே, சிலுவையுருவைத் தாங்கி நின்ற மரத்தடுப்பு. நடுக்கூடத்தைப் பேணுவது ஊர்மக்களின் கடமை. திருப்பீடப் பகுதியைப் பேணுவது குருவானவரின் கடமை. குருத்துவத்தைப்பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த கொள்கையே கட்டடமாக உருப்பெற்றது எனலாம். சீர்திருத்தத்தின் விளைவாக, 1561இல் இத்தடுப்புகளின் மேல்மாடங்களை அகற்றுமாறு அரசாணை பிறந்தது. இறையியல் மாறியபோது ஆலயமும் மாறவேண்டியதாயிற்று.

நம் நாட்டு ஆலயங்களிலும் தடுப்புகள் எழுந்தன. ஆனால், அவை குருவையும் மக்களையும் அல்ல, மக்களையும் மக்களையுமே பிரித்தன. இதற்கு மிகத் தெளிவான சான்று, திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியிலுள்ள வடக்கன்குளம் என்னும் கிராமத்தின் கத்தோலிக்க ஆலயமாகும். 1745இல் நீலகண்ட பிள்ளை என்பவர் தேவசகாயம் என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்றது இவ்வூரிலேதான். சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகிய அவர், 1752இல் ஆரல்வாய்மொழியில் கொல்லப்பட்டார்; 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அத்தகையவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில், 1872இல் எழுந்த ஆலயத்தின் அமைப்பு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள் சாய்ந்து வந்து சேர்கின்றன, இடையே சுவர். ஒரு கூடம் வெள்ளாளருக்கும் அவரோடு சேர்ந்தோருக்கும், மற்றது நாடார்களுக்கும் உரியதாக இருந்தது. பீடத்தில் நின்ற குருவை இரு சாராரும் காணலாம், ஒருவரையொருவர் காணவேண்டியதில்லை. கால்சட்டையைப்போலப் பிரிந்து நின்றமையால் இதனைக் 'கால்சட்டைக் கோயில்' எனக் கூறுவதும் உண்டு. ஓயாத சாதிப் பூசலைத் தணிக்கும் வழியாகவே இவ்வமைப்பு கருதப்பட்டது. ஆனால், பூசலைத் தணிக்க எழுந்த சுவர் பூசலுக்கே நிலையான உருவம் தந்துவிட்டது.

1910இல் இயேசு சபைக் குருவான கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தகற்றினார். தங்கள் உரிமை பறிபோயிற்று என வெள்ளாளர் தொடுத்த வழக்கு, சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது. அவர்களுடைய கோரிக்கை அங்கு ஏற்கப்படவில்லை.

இவ்வரலாற்றைப் பிற சபையாரின் குறையாக மட்டும் வாசித்துவிடலாகாது. 1718இல் தரங்கம்பாடியில் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்திலும் சாதிவாரியான இருக்கை முறை நிலவியது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமைகளைச் சபையினின்று அறவே நீக்கவேண்டுமென ஆணையிட்டபோது, தஞ்சைச் சபையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. சுவிசேஷக் கவிராயர் வேதநாயக சாஸ்திரியாரே அவ்வெதிர்ப்பின் முன்னணியில் நின்றார். நமது ஆலயங்களில் கற்சுவர் இல்லாதிருந்திருக்கலாம். பாயும் இருக்கை வரிசையுமே சுவரின் வேலையைச் செய்தன.

வடக்கன்குளம் ஆலயம் எழுவதற்கு ஓராண்டு முன்னர், 1871இல், எருசலேமில் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. ஏரோதின் தேவாலயத்தில் தடுப்பைத் தாண்டி உள்ளே வரும் புறவினத்தார் தம் சாவுக்குத் தாமே பொறுப்பாவர் என அது கிரேக்க மொழியில் எச்சரித்தது. அத்தடுப்பைத் தாண்டித் துரோப்பீமுவை அழைத்துச் சென்றதாகவே பவுல்மீது குற்றஞ்சாட்டப்பட்டது (அப். 21:28-29). எபேசியர் 2:14இல் இடிக்கப்பட்ட நடுச்சுவரைப்பற்றி வாசிக்கும்போது, இத்தடுப்பை நினைவுகூரும் வேத அறிஞர் பலர். தகர்க்கப்பட்ட சுவரைத் தொல்லியல் உலகுக்குக் காட்டிய அதே காலத்தில், நம் மண்ணில் புதிய நடுச்சுவர் எழும்பிக்கொண்டிருந்தது!

இன்று புளியங்குடி போன்ற ஊர்களில் ஆலயம் கட்டவும் புதுப்பிக்கவும் முற்படும் சபைகளுக்கு, வரைபடத்தை ஒப்புக்கொள்ளும்முன் ஆயர் சில வினாக்களை எழுப்பவேண்டும். எவர் எங்கு அமர்வார்? நற்கருணைக்கு எவர் முதலில் வருவார்? கல்லறைத் தோட்டத்தில் எவருக்கு எப்பகுதி? வடக்கன்குளத்தில் இடித்தவர் கண்ணுக்குச் சுவர் தெரிந்தது. தெரியாத சுவரை இடிப்பதற்கு, முதலில் அது இருக்கிறதென்று சொல்லும் துணிவு வேண்டும். அத்துணிவைச் சபைக்கு அளிப்பதே இறையியல் கற்ற நமது பணியாகும்.