துறைமுகங்களின் சுற்றுச்சூழல் செயல்திறன் அளவீடு

வணிகத் துறைமுகம் ஒன்று தன்னைச் சுற்றியுள்ள காற்று, நீர், கடலடி மண், உயிரினங்கள் ஆகியவற்றுக்கு ஏற்படுத்தும் பாதிப்பைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. கப்பல் புகை, நிலக்கரித் தூசி, எண்ணெய்க் கசிவு, தூர்வாரிய சேறு, கழிவு, இரைச்சல் ஆகியவை பெரும்பாலும் இதில் இடம்பெறும். கருவிகளைப் பொருத்துவது எளிது; துறைமுகத்தின் பொறுப்பு எந்த இடத்தில் முடிகிறது என்று வரையறுப்பதுதான் கடினம்.

இந்த எல்லையை விரிவாக வகுத்துக்கொண்ட துறைமுகம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ். அங்கு ஒரு சரக்குப் பெட்டக முனையத்தை எதிர்த்து அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் 2001இல் வழக்குத் தொடுத்தனர். அதன் விளைவாக 2004இல் அந்த முனையத்தில் கப்பல்களுக்குக் கரையிலிருந்து மின்சாரம் தரப்பட்டது. நின்றிருக்கும் கப்பல் துணை எஞ்சினை ஓட்டிப் புகை கக்க வேண்டியதில்லை. 2006இல் பக்கத்துத் துறைமுகமான லாங் பீச்சுடன் சேர்ந்து தூய காற்றுத் திட்டம் வகுக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு ஆண்டுதோறும் உமிழ்வுக் கணக்கு வெளியாகிறது. கடற்கப்பல்கள், துறைமுகப் படகுகள், சரக்கு கையாளும் இயந்திரங்கள், ரயில் எஞ்சின்கள், லாரிகள் என ஐந்து மூலங்களும் அதில் அடங்கும். கப்பலும் லாரியும் துறைமுகத்துக்குச் சொந்தமல்ல என்றாலும் அவற்றின் புகை அதன் கணக்கிலேயே ஏறுகிறது. இந்த நேர்மைதான் அந்தக் கணக்கேட்டுக்கு மதிப்பைத் தருகிறது.

பழைய லாரிகளுக்கான தடையும் கந்தகம் குறைந்த எரிபொருளும் சேர்ந்து டீசல் நுண்துகளை 80 சதவீதத்துக்கும் மேல் குறைத்தன. பசுங்குடில் வாயுக்கள் அந்த அளவுக்குக் குறையவில்லை. 2021இல் பெருந்தொற்றுக்கால நெரிசலால் கப்பல்கள் கூட்டமாகக் கடலில் காத்துக் கிடந்தபோது உமிழ்வு மறுபடியும் ஏறியது. கணக்கேடு அதையும் மறைக்காமல் காட்டியது.

ஐரோப்பாவில் 1997இல் தோன்றிய ஈகோபோர்ட்ஸ் அமைப்பு வேறு வழியில் செல்கிறது. துறைமுகங்கள் வினாப்பட்டியலை நிரப்பித் தங்களைத் தாங்களே மதிப்பிட்டு, ஐரோப்பியச் சராசரியுடன் ஒப்பிட்டுக்கொள்கின்றன. விரும்பினால் வெளியார் தணிக்கையுடன் சான்றும் பெறலாம். கொள்கை ஆவணம் உண்டா, கண்காணிப்புத் திட்டம் உண்டா என்பன போன்ற கேள்விகளே இதில் மிகுதி. நிர்வாகத்தை ஒழுங்குபடுத்த இது உதவும். தண்ணீர் தெளிந்ததா என்பதற்கு இதில் விடை கிடைக்காது.

இந்தியா 2023இல் 'ஹரித் சாகர்' வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கையாளும் ஒவ்வொரு டன் சரக்குக்குமான கரியமில வாயு உமிழ்வை 2030க்குள் 30 சதவீதமும் 2047க்குள் 70 சதவீதமும் குறைப்பது இலக்கு. டன்னுக்கான உமிழ்வு 30 சதவீதம் குறைந்தாலும், சரக்கு இரட்டிப்பானால் மொத்த உமிழ்வு 40 சதவீதம் கூடிவிடும். கரையோரம் வாழ்பவர் சுவாசிப்பது மொத்தத்தை. ஆகவே இரண்டு எண்களும் சேர்ந்தே வெளியாக வேண்டும்.

எல்லைச் சிக்கலைத் தமிழ்நாடும் கண்டது. தூசி மாசு காரணமாக, சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் தடுத்தது. அருகிலுள்ள ராயபுரம் பகுதி மக்களுக்கு அது உண்மையான விடுதலை. நிலக்கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்தது. தனித்தனி மதிப்பெண்களில் இது சென்னையின் முன்னேற்றமாகத் தெரியும். அனல்மின் நிலையச் சாம்பலால் ஏற்கெனவே நலிந்த எண்ணூர்க் கழிமுகத்தின் சுமை தெரிய, இரு துறைமுகங்களையும் ஒரே கணக்கில் எழுத வேண்டும்.