மனநல நீதிமன்றம்: தேறுபவர் யார், பயன்பெறுபவர் யார்?

அமெரிக்காவின் முன்னோடி மனநல நீதிமன்றங்களுள் ஒன்று 1997-இல் ஃபுளோரிடா மாநிலத்தின் புரோவர்ட் கவுன்ட்டியில் தொடங்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட மனநோயாளியைச் சிறைக்கு அனுப்பாமல், அவரது இசைவுடன் சிகிச்சையில் சேர்த்து, நீதிபதியே அவ்வப்போது அழைத்து விசாரிப்பது இதன் முறை. நிபந்தனைகளை நிறைவேற்றினால் வழக்கு தள்ளுபடியாகலாம், தண்டனை குறையலாம். இன்று அந்நாட்டில் இத்தகைய நீதிமன்றங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

இவற்றால் அதிகம் பயன்பெறுவோர் யார்? ஹென்றி ஸ்டெட்மனும் சக ஆய்வாளர்களும் நான்கு நீதிமன்றங்களை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். இங்கு வந்தவர்கள், வழக்கமான முறையில் விசாரிக்கப்பட்டவர்களைவிடச் சிறையில் குறைந்த நாள்களே இருந்தனர். மீண்டும் கைதாவதும் குறைந்தது. அவர்களுள்ளும் முன்பு அதிகம் கைதாகாதவர்கள், ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள், போதைப்பொருள் பயன்படுத்தாதவர்கள், இருதுருவ மனநிலைக் கோளாறு உடையவர்கள் ஆகியோரே நன்கு தேறினர். மனச்சிதைவும் மனச்சோர்வும் உடையோர் பின்தங்கினர்.

பொருளியல் கற்பித்தவனுக்கு இங்கே ஓர் ஐயம் எழுகிறது. நன்கு தேறியவரும் அதிகம் பயன்பெற்றவரும் ஒருவரே அல்லர். தேறக்கூடிய மாணவர்களையே சிறப்பு வகுப்பில் சேர்த்துக்கொண்டு, தேர்ச்சி விகிதத்தைப் பெருமையுடன் அறிவிக்கும் வழக்கத்தைக் கல்லூரியில் கண்டிருக்கிறேன்; அதில் எனக்கும் பங்குண்டு. முன்பே ஒழுங்காக மருந்துண்டு வந்தவர், இந்த நீதிமன்றம் இல்லாவிடினும் ஓரளவு தேறியிருப்பார். நீதிமன்றத்தால் விளைந்த கூடுதல் மாற்றத்தையே பயன் எனக் கொள்ள வேண்டும்.

மினியாபொலிஸ் மனநல நீதிமன்றத்துக்கு வந்த 143 பேரின் 429 குற்றங்களை ஜில் பீட்டர்சன், ஜெனிஃபர் ஸ்கீம் முதலியோர் 2014-இல் அலசினர். உளப்பிணியின் அறிகுறியிலிருந்து நேரடியாக விளைந்தவை மனச்சிதைவு போன்ற நோய்களில் 4 விழுக்காடு, மனச்சோர்வில் 3, இருதுருவக் கோளாற்றில் 10 மட்டுமே. ஏனையவற்றின் வேர் வறுமை, வேலையின்மை, போதை போன்ற, எவரையும் குற்றத்துக்குத் தள்ளும் காரணங்களில் இருக்கிறது. மருந்து மட்டும் அங்கே எட்டாது. வீடும் வேலையும் போதை மீட்பும் உடன் வேண்டும்.

அத்தகையோருக்குச் செலவு மிகுதி. சிறையில் மிச்சமாகும் பணம் சிகிச்சைச் செலவை ஈடுகட்டுவதில்லை என்று பின்னர் வந்த கணக்கீடும் காட்டியது. எனவே எளியவரைத் தேர்ந்து கடினமானவரைத் தவிர்க்க நிர்வாகத்துக்குத் தோன்றுவது இயல்பு. பல நீதிமன்றங்கள் தொடக்கத்தில் சிறுகுற்றங்களை மட்டுமே ஏற்றன. ஆனால் சான் பிரான்சிஸ்கோ கடுங்குற்றம் சாட்டப்பட்டோரையும் ஏற்றது. அங்கு வந்தவர்கள் புதிய வன்முறை வழக்கில் சிக்காமல் நீண்ட காலம் இருந்ததாக 2007-இல் மெக்நீல், பைண்டர் ஆகியோரின் ஆய்வு கண்டது.