வெட்டும் ஒட்டும்: பதிவின் தரம் காத்த வரலாறு

காந்த நாடாவிலே ஒலியைப் பதியும் வித்தை கைவந்தவுடனேயே, பதிந்ததை வேண்டியவாறு துண்டாக்கி மீண்டும் பொருத்தும் தேவையும் பிறந்துவிட்டது. வெட்டினாற் பதிவு பழுதடையும் என்பது பலருடைய எண்ணம். வரலாறு உணர்த்தும் உண்மை வேறு. வெட்டு எவ்விடத்தில் விழுகின்றது, வெட்டியபின் பதிவு மறுபடி படியெடுக்கப்படுகின்றதா என்னும் இரு வினாக்களே தரத்தைத் தீர்மானித்து வந்துள்ளன.

1935ஆம் ஆண்டு பேர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.ஈ.ஜி. நிறுவனம் மக்னெற்றோபோன் என்னும் நாடாப்பதிவுக் கருவியைக் காட்சிக்கு வைத்தது. போருக்குப்பின் அவ்வித்தை ஐக்கிய அமெரிக்காவை அடைந்தது. 1947இல் பாடகர் பிங் குரொஸ்பியின் நிகழ்ச்சி நாடாவிற் பதியப்பெற்று ஒலிபரப்பாயிற்று. கூரிய அலகும் ஒட்டுநாடாவுமே அக்காலத் தொகுப்பாளரின் ஆயுதங்கள். நாடாவை அவர் நேர்குறுக்காக வெட்டவில்லை. 45 பாகை சாய்வாக வெட்டினார். அதனால் ஒலி சட்டென முறியாமல், ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்கு வழுவிச் சென்றது. ஒட்டிய நாடா படியன்று, முதற்பதிவே. ஆதலால் தரம் சிறிதும் குன்றவில்லை.

ஒளிக்கு இவ்வழி எளிதாக வாய்க்கவில்லை. 1956இல் அம்பெக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கருவி, இரண்டங்குல அகலமான நாடாவிற் செக்கனுக்கு 960 குறுக்குக் கோடுகளாகக் காட்சியைப் பதிந்தது. கோட்டின் நடுவே வெட்டினாற் படம் குலைந்துவிடும். ஆகவே இரும்புத் துகள் கலந்த திரவத்தைப் பூசிக் கோடுகளைப் புலப்படுத்தி, நுணுக்குக்காட்டியினூடே நோக்கி, இரு படங்களுக்கு இடைப்பட்ட எல்லையில் வெட்டினர். இதற்கு மேலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஒலிமுனை ஒளிமுனையினின்றும் விலகி இருந்தமையால், ஒரு காட்சியும் அதற்குரிய ஒலியும் நாடாவின் ஒரே இடத்தில் அமையவில்லை. காட்சிக்குப் பொருந்திய வெட்டு, பேச்சின் நடுவே விழக்கூடும்.

இத்தொல்லையைத் தவிர்க்க 1960களின் முற்பகுதியில் மின்னியல் தொகுப்பு முறை வந்தது. நாடாவை வெட்டாமல், வேண்டிய பகுதிகளை வேறொரு நாடாவில் அடுத்தடுத்துப் படியெடுத்தனர். வேலை எளிதாயிற்று, ஆனால் விலை வேறுவகையிற் கொடுக்கப்பட்டது. படிக்குப் படி இரைச்சல் ஏறியது, வண்ணம் மங்கியது. அலகு செய்யாத கேட்டைப் படியெடுப்புச் செய்தது.

இலக்கமுறை அந்நோயைத் தீர்த்தது. 1982இல் உடன்பாடு கண்ட சர்வதேச நியமம், காட்சியைச் செக்கனுக்கு 216 மெகாபிற் எண்களாக்கியது. எண்ணை எண்ணாகவே படியெடுத்தால், நூறாவது படியும் முதற்படியை ஒக்கும். எனினும், இப்பேரளவை வீட்டுக்கு அனுப்ப இயலாது. 1988இல் அமைந்த எம்பெக் குழுவினர் காட்சியைச் சுருக்க வழி வகுத்தனர். டீ.வீ.டீ. தட்டிலே காட்சி செக்கனுக்கு 9.8 மெகாபிற்றுக்குள் அடங்கியது.

இச்சுருக்கத்தின் இரகசியம் யாதெனில், எல்லாப் படங்களும் முழுமையாகப் பதியப்படுவதில்லை. முழுமையான மூலப்படம் ஒன்று. அதனைத் தொடர்வன அதிலிருந்து மாறியவற்றை மட்டும் தாங்கிய சார்புப் படங்கள். டீ.வீ.டீ.யிற் பெரும்பாலும் 12 அல்லது 15 படங்களுக்கு ஒரு மூலப்படம் வரும். 2003இல் வெளிவந்த எச்.264 முறையில் இடைவெளி இன்னும் நீளலாம். ஒரு துண்டு சார்புப் படத்திலே தொடங்குமாயின், தாயை இழந்த சேய்போல அது பொருளற்றதாகின்றது. அதனை மறைக்கக் கணனிச் செயலிகள் பல பதிவு முழுவதையும் விரித்து மீண்டும் சுருக்குகின்றன. அவ்வாறு செய்யுந்தோறும் நுட்பம் கழிகின்றது. பழைய படியெடுப்புக் கேடு புதிய வேடத்தில் மீள்கின்றது.

இதற்குரிய பரிகாரமும் பழையதே. துண்டின் தலையை மூலப்படத்தில் அமைத்து, சுருக்கிய எண்களை விரிக்காமல் அவ்வாறே படியெடுத்தல் வேண்டும். பாப்ரிஸ் பெலார் 2000ஆம் ஆண்டளவில் தொடக்கிய எவ்.எவ்.எம்பெக் செயலி இதனைச் செய்யவல்லது. மூலப்படத்துக்கு இடையே வெட்டியே தீரவேண்டுமாயின், வெட்டை ஒட்டிய சில படங்களை மட்டும் மீளச் சுருக்கினாற் போதும். இணைக்கப்படும் துண்டுகள் சுருக்கமுறை, படத்தின் அளவு, வேகம், ஒலிமாதிரி வீதம் யாவற்றிலும் ஒத்திருத்தல் வேண்டும்.

ஒலியிலும் எச்சரிக்கை தேவை. ஏ.ஏ.சீ. முறையில் ஒலி 1024 மாதிரிகள் கொண்ட கட்டுகளாக அடங்கும். செக்கனுக்கு 48,000 மாதிரிகளாயின், ஒரு கட்டு ஏறத்தாழ 21 மில்லிசெக்கன். செக்கனுக்கு 25 படங்களாயின், ஒரு படம் 40 மில்லிசெக்கன். இரண்டின் எல்லைகளும் எப்போதும் ஒன்றுவதில்லை. நேரக்குறிப்பைக் கவனியாது பல துண்டுகளைப் பொருத்தினால், உதடு அசைந்தபின் சொல் வந்து சேரும்.

மறைந்த ஒருவரின் முகத்தையும் குரலையும் தாங்கிய ஒரேயொரு பதிவு இன்று எத்தனையோ இல்லங்களில் உண்டு. அதனைத் துண்டாக்குமுன் மூலப்பதிவைத் தொடாது தனியே வைத்தலும், படியிலே மட்டும் வெட்டுதலும், சுருக்கியதை மறுபடி சுருக்காதிருத்தலும் அதனைக் காக்கும் வழிகளாம். கழிந்த நுட்பத்தை மீட்டுத்தரும் கருவி எதுவுமில்லை.